'கெட்' வகுப்புக்கு நடந்த ஒத்திகை

வகுப்பைப் பார்வையிட ஆள் வரும் நாளில் என்ன செய்ய வேண்டும் என்று புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்கள் என்னைக் கேட்பதுண்டு. ஒன்றும் செய்யாதீர்கள் என்பேன். கிழவனுக்குச் சொல்ல மனமில்லை என்று நினைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அதனால் இந்தமுறை முழுக்கச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஆஸ்திரேலியாவில், மெரிலேண்ட்ஸ் என்ற ஊரில் ஒரு சமூக நிலையத்தில், இந்த நாட்டுக்குக் குடிவந்த பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். இது நடந்தது கொரோனாவுக்குப் பிறகு வகுப்புகள் நேரில் நடக்கத் தொடங்கியிருந்த காலத்தில், கோடைக்கால டேலைட் சேவிங் முடிந்து கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிவைத்த வாரம், புதன்கிழமை. செவ்வாய் என்றுதான் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அன்று காலை குப்பைத்தொட்டியைத் தெருவிலிருந்து உள்ளே இழுத்துவைத்துவிட்டுக் கிளம்பியது நினைவிருக்கிறது. எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி புதன்கிழமைதான் வரும். இதைத் திருத்தாமல் மேலே எழுத என்னால் முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பருவத்தில் என் பகல் வகுப்பில் இருந்த எல்லோரும் ரஷ்ய மொழி பேசுகிறவர்கள். ரஷ்யர்கள் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். கஜகஸ்தான், லாட்வியா, உஸ்பெகிஸ்தான் என்று பல நாட்டுக்காரர்கள். யார் எந்த நாடு என்று ஆராயப் போனால் அறையின் வெப்பம் ஏறுகிறது என்பதை முதல் வாரத்திலேயே கண்டுகொண்டு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். மொழி ஒன்றுதான். பீட்ரூட் சூப்பில் என்ன போட வேண்டும் என்பதில் மட்டும் ஆளுக்கொரு கொள்கை.

அவர்களுக்கும் எனக்கும் முதல் நாளே ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் என் இனிஷியல். என் பெயர் ந. சேகர். அப்பா நடராஜன். இந்த நாட்டில் எந்த அலுவலகத்திலும் இதைப் புரியவைக்க முடிந்ததில்லை. என்னை மிஸ்டர் நடராஜன் என்று அழைத்து, காலமான என் அப்பாவை எழுப்பி உட்காரவைத்துவிடுவார்கள். வகுப்பில் இதைச் சொன்னபோது முன்னால் இருந்த ஓர் அம்மாள், விளக்கமே தேவையில்லை என்பதுபோல் தலையை அசைத்தார். அவர் பெயர் லுத்மிலா பெத்ரோவ்னா. பெத்ரோவ்னா என்றால் பியோத்தரின் மகள். "அப்படியென்றால் நீங்கள் சேகர் நடராஜனோவிச்" என்றார். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை நான் நடராஜனோவிச்தான்.

லுத்மிலா பெத்ரோவ்னா கஜகஸ்தானின் கரகண்டா நகரில் ஒரு பள்ளிக்கூடத்தின் துணைத் தலைமையாசிரியையாக இருந்தவர். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மகள் இங்கே அழைத்துக்கொண்டாள். வகுப்பில் அவர் உட்கார்ந்திருந்தாலும் நின்றுகொண்டிருப்பது போலவே இருக்கும். நான் தாமதமாக வந்தால் கடிகாரத்தைப் பார்க்க மாட்டார், என்னைப் பார்ப்பார். அது போதும்.

நாங்கள் அப்போது படித்துக்கொண்டிருந்தது 'கெட்' என்ற வினைச்சொல். ஆங்கிலத்தில் இந்தச் சிறு சொல் பெறுவதற்கும் உண்டு, போய்ச் சேர்வதற்கும் உண்டு. கோபம் வருவது, சளி பிடிப்பது, பஸ்ஸைப் பிடிப்பது, விஷயம் புரிவது, படுக்கையிலிருந்து எழுவது என எல்லா வேலைக்கும் அதுவே வந்து நிற்கும். ரஷ்ய மொழி பேசுகிறவர்களுக்கு இது தாங்க முடியாத ஒழுங்கீனம். அவர்கள் மொழியில் நடந்து போவதற்கு ஒரு வினை, வண்டியில் போவதற்கு வேறு வினை.

"பாரமட்டாவுக்கு கெட் பண்ணினேன் என்றால், நடந்து போனேனா, ரயிலில் போனேனா?" என்று கேட்டார் லுத்மிலா பெத்ரோவ்னா.

"எப்படியும் வைத்துக்கொள்ளலாம்" என்றேன்.

"இது வினைச்சொல் இல்லை, சேகர் நடராஜனோவிச். இது சோம்பேறித்தனம்."

அவர்கள் பேசியது ஆங்கிலம்தான். அவர்கள் பேச்சின் அமைப்பு கெடாமல் முடிந்தவரை தமிழில் தருகிறேன்.

ஓர் இடத்தில் மட்டும் எனக்கு அனுகூலம் இருந்தது. ஆங்கிலேயன் 'ஐ கெட் கோல்ட்' என்று, தானே குளிராக ஆவதாகச் சொல்கிறான். நாம் 'எனக்குக் குளிர்கிறது' என்போம். அவர்களும் அப்படியே, குளிர் தனக்கு வந்ததாகத்தான் சொல்கிறார்கள். குளிரைப் பொறுத்தவரை தமிழனும் ரஷ்யனும் ஒரே கட்சி. இதைச் சொன்னதும் வகுப்பே என்னைச் சொந்தக்காரனைப் போலப் பார்த்தது. ஆனாலும் லுத்மிலா பெத்ரோவ்னா 'கெட்'டை வாயால் உச்சரிக்க மறுத்துவிட்டார். அவருக்கு நேர் எதிர் பாவெல். கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்த பருத்த மனிதர். இந்தச் சொல்லைத் தெரிந்துகொண்டதும், இனி வேறு வினைச்சொல்லே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார். "ஆசிரியரே, நான் இப்போது வீடு கெட், சாப்பாடு கெட், மனைவி கோபம் கெட், தூக்கம் கெட்" என்று விடைபெறுவார். திருத்த எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் புரிந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது நிலையத்தின் அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வசந்தி என்னைக் கூப்பிட்டாள். பருத்தித்துறைக்காரி, கெட்டிக்காரி, கெட்ட செய்தியைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறவள்.

"அண்ணை, புதன்கிழமை ஒரு பொம்பிளை வாறா, உங்கட வகுப்பைப் பார்க்க. ஹெதர் எண்டு பேர். அடுத்த வருசம் பகல் வகுப்பு ஒண்டுக்குத்தான் காசு இருக்காம். எங்களுக்கோ, வேற நிலையத்துக்கோ எண்டு அவதான் எழுதிக் குடுக்கப் போறா."

"என்ன பார்ப்பாங்களாம்?"

"ஆக்கள் வருகினமோ, வாயைத் திறந்து கதைக்கினமோ எண்டு. வேற என்ன? நான் பின்னால ஒரு கதிரை போட்டு விடுறன். நீங்கள் வழமையா செய்யிறதைச் செய்யுங்கோ."

பகல் வகுப்பு போய்விட்டால் மாலை வகுப்புக்குப் பாரமட்டாவுக்குப் போக வேண்டும். என் மாணவர்களில் பாதிப் பேருக்கு அது முடியாது. லுத்மிலா பெத்ரோவ்னாவுக்கு அறவே முடியாது. மகளுக்கு மாலையிலிருந்து மருத்துவமனை வேலை, குழந்தைகள் இவரிடம். வகுப்பு மூடினால் அவர் ஆங்கிலம் அதோடு நின்றுவிடும். அதனால் அவர்களுக்குத் தெரிந்திருப்பது நியாயம் என்று நினைத்து, வகுப்பு முடியும்போது விஷயத்தைச் சொன்னேன். பயப்பட ஒன்றுமில்லை, எப்போதும்போல வாருங்கள் என்றும் சொன்னேன்.

லுத்மிலா பெத்ரோவ்னா, "ஆய்வாளர்" என்று மெதுவாகச் சொன்னார். அவர் முகத்தில் அப்படி ஓர் ஒளியை நான் பார்த்ததில்லை. பல வருடங்களாகப் பெட்டிக்குள் கிடந்த சீருடையை யாரோ எடுத்துக் கொடுத்தது போல.

புதன்கிழமை காலை நான் அறைக்குள் நுழைந்தபோது வேறு அறைக்கு வந்துவிட்டேனோ என்று வெளியே போய் எண்ணைப் பார்த்தேன். அரைவட்டமாகக் கிடக்கும் நாற்காலிகள் நேர் வரிசையில் நின்றன. எல்லோரும் வெள்ளைச் சட்டை. பாவெல்கூட, அவர் கழுத்துப் பொத்தான் இனி தாங்காது என்ற நிலையில் இருந்தது. என் மேசையில் பூங்கொத்து. பக்கத்தில் அடுக்கடுக்காக ஒரு தேன் கேக். இதையெல்லாம்விடப் பயங்கரம், எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். காரணமில்லாமல் சிரிப்பது அவர்கள் ஊரில் பைத்தியத்தின் அறிகுறி. அந்தச் சிரிப்பு பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்து காட்டுவது போல இருந்தது.

"ஆஸ்திரேலியர்களுக்குச் சிரிப்பு பிடிக்கும்" என்று விளக்கினார் லுத்மிலா பெத்ரோவ்னா. "நீங்கள் கவலை வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் ஒத்திகை. நீங்கள் போன வாரம் கொடுத்த 'கெட்' கேள்வித்தாள். ஜன்னல் பக்கத்திலிருந்து வரிசையாகக் கேளுங்கள். ஒருவருக்கு ஒரு கேள்வி. என்ன ஆனாலும் நிறுத்தாமல் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறேன்."

உண்மையைச் சொன்னால் எனக்கு அதிர்ச்சி வரவில்லை. கரூரில் நான் படித்த பள்ளியில் இன்ஸ்பெக்‌ஷன் என்றால் ஒரு வாரம் முன்பே சுவருக்கு வெள்ளையடிப்பார்கள், நன்றாகப் படிக்கிறவர்களை முன் பெஞ்சுக்கு மாற்றுவார்கள். எந்தக் கேள்விக்கும் எல்லோரும் கையைத் தூக்க வேண்டும். பதில் தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. கரகண்டாவிலும் இதே ஏற்பாடுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். இங்கே பிறந்து வளர்ந்த ஓர் ஆசிரியர் அந்த வெள்ளைச் சட்டைகளைப் பார்த்திருந்தால் யாருக்காவது கல்யாணமா என்று கேட்டிருப்பார். எனக்கோ ஒரு நொடி பெருமையாக இருந்தது, அதையும் மறைக்கப் போவதில்லை. நாற்காலிகளைத் திருப்பிப் போடச் சொல்ல வாயெடுப்பதற்குள் ஹெதர் வாசலில் நின்றார்.

ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் கண்ணாடி தொங்க, வெயிலில் அடிபட்ட முகம். என்னைக் கண்டுகொள்ளாதீர்கள், நான் இங்கே இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டே பின்னால் போனார். வகுப்பு முழுவதும் ஒரே அசைவில் எழுந்து நின்று காலை வணக்கம் சொன்னது. அவர் கையிலிருந்த காபி கொஞ்சம் சிந்தியது.

வேறு வழியில்லாமல் முதல் கேள்வியைக் கேட்டேன். எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள்? கேள்வியை முடிப்பதற்குள் எல்லாக் கைகளும் மேலே போயின. லுத்மிலா பெத்ரோவ்னா, முதல் இருக்கை, இலக்கணம் வழுவாமல் சொன்னார். அவர் வாயிலிருந்து 'கெட்' வந்தது அதுவே முதல் முறை, கசப்பு மருந்தை விழுங்குவது போலச் சொன்னார். இரண்டாவது, நிலையத்துக்கு எப்படி வருகிறீர்கள்? லாட்வியாக்கார அம்மாள் பஸ் எண்ணோடு சொன்னார். ஹெதர் தலையாட்டினார்.

மூன்றாவது இருக்கை ஷன்னாவுடையது. பிளாக்டவுனிலிருந்து வரும் ஷன்னாவின் ரயில் அன்று எங்கோ நின்றுவிட்டது. நாற்காலி காலி. நான் அதைத் தாண்டி, மூன்றாவது கேள்வியை அடுத்திருந்த பாவெலிடம் கேட்டேன்.

"பிறந்தநாளுக்கு உங்களுக்கு என்ன கிடைத்தது?"

பாவெல் சிரித்தபடி எழுந்தார். "மனைவியின் அம்மா தொலைபேசியில் கூப்பிடும்போது" என்றார்.

நான்காவது கேள்வி, உங்களுக்கு எப்போது கோபம் வரும் என்பது. அது பாவெலுக்கு வைத்திருந்தது. ஆனால் இப்போது அடுத்தவரிடம் போயிற்று. "முதலில் வெந்நீரில் வைக்க வேண்டும், பிறகு கரண்டியால் தட்ட வேண்டும்" என்றார் அவர்.

இறுகிய ஜாம் பாட்டில் மூடியை எப்படித் திறப்பீர்கள் என்று கேட்டதற்கு, நடனக் கூடத்தில் அவர் என் காலை மிதித்தார், நான் மன்னித்தேன் என்று பதில் வந்தது. ஒரு நாற்காலி காலியானதால் எல்லாப் பதில்களும் ஒரு கேள்வி தள்ளிப் போய்விட்டன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் வாய் பழக்கத்தில் ஓடிவிட்டது. அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டேன். உங்கள் கணவரோடு எப்படிப் பழக்கம் ஏற்பட்டது?

அது தமாரா அம்மாளிடம் போயிற்று. வகுப்பிலேயே மூத்தவர், பரம சாது. அவருக்கு ஒதுக்கியிருந்தது சளி பிடித்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வி. கைகளைக் கட்டிக்கொண்டு தெளிவாகச் சொன்னார்: "சூடான பால், ராஸ்பெர்ரி ஜாம். நெஞ்சில் வோட்கா தேய்க்க வேண்டும். மூன்று நாள் படுக்கையை விட்டு எழக் கூடாது."

பின்னாலிருந்து ஹெதர் இருமும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் பார்க்க எனக்குத் துணிவில்லை.

இனி வரப்போகிற இடம்தான் உங்களுக்காகச் சொல்ல வந்தது. கையில் மார்க்கருடன் நிற்கிறேன். எனக்கு முன்னால் சிரித்த முகங்கள். தங்கள் பதில் தள்ளிப்போனது ஒருவருக்கும் தெரியவில்லை. கேள்விகளின் வரிசையை மாற்றிச் சமாளிக்கலாம். ஆனால் அப்போது நானும் ஒத்திகையில் சேர்ந்துவிடுவேன். அப்படியே கடைசிவரை போகலாம். போனால், இவர்களுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆசிரியர் கிளிப்பிள்ளை வளர்க்கிறார் என்று ஹெதர் எழுதுவார், வகுப்பு போய்விடும். உண்மையைச் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்காகப் பாடுபட்டவர்களை விருந்தாளி முன்னால் காட்டிக்கொடுத்தவன் ஆவேன். லுத்மிலா பெத்ரோவ்னா என்னை மன்னிக்கவே மாட்டார்.

மார்க்கரைக் கீழே வைத்தேன். ஹெதரைப் பார்த்து, இவர்கள் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறார்கள், எங்கள் ஊர்களில் பார்வையிட வருகிறவருக்கு மரியாதை செய்வது இப்படித்தான், இது வழக்கமான வகுப்பு இல்லை என்று சொன்னேன். வகுப்புக்கும் கேட்கும்படி, எளிய ஆங்கிலத்தில், மெதுவாகச் சொன்னேன்.

சிரிப்பெல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தது. லுத்மிலா பெத்ரோவ்னா எழுந்து நின்றார்.

"சேகர் நடராஜனோவிச், நீங்கள் தப்பு. வீட்டுக்கு விருந்தாளி வருகிறார். நான் தரை துடைக்கிறேன். துடைத்த தரை பொய்யா?"

பாவெல் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார்.

"தரை துடைக்கலாம். நீங்கள் துடைக்கவில்லை, பெயின்ட் அடித்தீர்கள். இன்னும் காயவில்லை. நாங்கள் எல்லோரும் ஒட்டிக்கொண்டு நிற்கிறோம்."

"ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் கேக் சாப்பிட்டீர்களே, அப்போது பெயின்ட் வாசம் வரவில்லையா?"

"கேக் நன்றாக இருந்தது. அது வேறு விஷயம்."

"வேறு இல்லை. கேக்கும் ஒத்திகைதான். நாங்கள் இன்று கொடுப்பது இரண்டாவது கேக்."

லாட்வியாக்கார அம்மாள் நடுவில் புகுந்து, மரியாதை வேறு, பயம் வேறு, நீங்கள் இரண்டையும் ஒரே பாத்திரத்தில் வைத்துச் சமைக்கிறீர்கள் என்றார். தமாரா அம்மாள் பக்கத்திலிருந்தவரிடம், தன்னை என்ன கேள்வி கேட்டார்கள் என்று விசாரித்தார். சொன்னார்கள். கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அதுவும் உண்மைதான்" என்றார். "அவருக்கு அப்போது சளி."

அதற்குப் பிறகு யாரும் கையைத் தூக்கவில்லை, யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. எனக்கு அங்கே வேலையே இல்லை. ஜன்னலோரம் போய் நின்றுகொண்டேன். அந்தச் சண்டைக்குள் 'கெட்' எத்தனை விதமாக வந்துபோனது என்று கணக்கெடுக்க எனக்குக்கூடத் தோன்றவில்லை. பாதி தப்பாக வந்தது. ஆனால் கேட்டவருக்குப் புரிந்தது, புரிந்ததால் திருப்பித் தாக்கினார்.

தான் இங்கே இல்லை என்று சொன்ன ஹெதர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

"மற்ற நாட்களில் இந்தத் தரை எப்படி இருக்கும்?" என்று லுத்மிலா பெத்ரோவ்னாவைக் கேட்டார்.

"மற்ற நாள் சாதாரணம். தப்பாகப் பேசுகிறோம். ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கே போகிறோம். பாவெல் சாப்பாடு பற்றிப் பேசுகிறார். இதைப் பார்க்க யாராவது இவ்வளவு தூரம் வருவார்களா?"

"அதைப் பார்க்கத்தான் நான் வந்தேன்."

லுத்மிலா பெத்ரோவ்னா அவரை மேலும் கீழும் பார்த்தார். "அதை முதலிலேயே சொல்ல வேண்டும். சட்டை எல்லாம் இஸ்திரி போட்டோம்."

அந்த நேரத்தில் கதவு திறந்தது. ஷன்னா. ஸ்டேஷனிலிருந்து ஓடிவந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. வெள்ளைச் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. என்ன நடக்கிறது என்று பார்க்கவில்லை. நேராகத் தன் இருக்கைக்குப் போனார், நிமிர்ந்தார், சிரித்தார். "வெள்ளித் தோடு, என் மகன் கொடுத்தான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பிறகு கேக்கை வெட்டினோம். ஹெதர் இரண்டாவது துண்டு கேட்டபோது, பாவெல் லுத்மிலா பெத்ரோவ்னாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

உங்களுக்கு நான் சொல்ல வருவது சிறிய விஷயம். வகுப்பு கையை விட்டுப் போகும்போது அது எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். அமைதியாகப் போனால் பிடித்து நிறுத்துங்கள். சத்தமாகப் போனால் வழி விடுங்கள். உங்களோடு ஆங்கிலத்தில் சண்டை போடும் மாணவர் பாதிக் கிணறு தாண்டிவிட்டார். மீதியை அவரே தாண்டுவார். உங்கள் மேல் அவருக்குக் கொஞ்ச நாள் கோபம் இருக்கும், இருக்கட்டும். லுத்மிலா பெத்ரோவ்னா இரண்டு வாரம் என்னை வெறும் சேகர் என்றே கூப்பிட்டார். அப்பாவைப் பறித்துவிட்டார், அதுதான் அவர் கொடுத்த தண்டனை.

முடிவை வசந்திதான் சொன்னாள்.

"அண்ணை, வகுப்பு எங்களுக்குத்தான். அவ நல்லா எழுதிக் குடுத்திருக்கிறா. ஆனா ஒண்டு, அடுத்த முறை நாள் சொல்ல மாட்டினமாம். சொல்லாமல் கொள்ளாமல்தான் வருவினம்."

வகுப்பில் சொன்னேன். கைதட்டினார்கள். தமாரா அம்மாள் என்னைக் கட்டிக்கொண்டார். லுத்மிலா பெத்ரோவ்னா மட்டும் கைதட்டவில்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எந்த நாளும் வரலாம்?"

"எந்த நாளும் வரலாம்."

"அப்படியென்றால் எல்லா நாளும் தயாராக இருக்க வேண்டும், சேகர் நடராஜனோவிச்."

அப்பா திரும்பி வந்துவிட்டார் என்ற சந்தோஷத்தில் அந்த வாக்கியத்தின் மீதிப் பொருளை நான் கவனிக்கவில்லை. அடுத்த வகுப்பில் மேசைமேல் ஒரு தேன் கேக் இருந்தது. ஹெதர் வரவில்லை. கேக் வீணாகக் கூடாது என்று சாப்பிட்டோம். அதற்கடுத்த வகுப்பில் பாலாடைக்கட்டி கேக். முறை பாவெல் வீட்டினுடையது. பிறகு பாப்பி விதை வைத்துச் சுருட்டியது. வகுப்புக்கு ஒருவர் என்று முறை போட்டுக்கொண்டு, ஆய்வாளருக்காக அந்த வருடம் முழுவதும் கொண்டுவந்தார்கள். ஹெதர் வரவே இல்லை. யாரும் வகுப்புக்குத் தாமதமாக வரவும் இல்லை. முதல் துண்டு ஆசிரியருக்கு என்பது அவர்கள் ஊர் வழக்கம். மறுத்தால் மனம் புண்படும்.

வருடக் கடைசியில் ஹாரிஸ் பார்க்கில் நான் வழக்கமாகப் போகும் தமிழ் டாக்டர் என் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"என்ன சார், சர்க்கரை இப்படி ஏறியிருக்கு? வீட்டுல ஏதாவது விசேஷமா?"

"இல்லை டாக்டர்" என்றேன். "இன்ஸ்பெக்‌ஷன்."